இராமானுஜனின் ஒரு வரி

கடந்த வருடம் பாவித்த கணினி ஒன்றை வாங்கினேன். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருடன் நான் எடுத்த நேர்காணல்களைத் தொகுக்க அது தேவைப்பட்டது. முதல் இரண்டு வாரம் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு, தொகுத்துச் சேமித்த காணொளியில் எங்காவது ஓரிடத்தில் முகம் பச்சைக் கட்டங்களாக உடைந்து போயிருக்கும். திரும்பவும் சேமித்தால் அந்த இடம் சரியாக இருக்கும், வேறோர் இடம் உடைந்திருக்கும். அப்படி உடைந்த பதிவொன்றில் பேசிய அம்மா அதற்கிடையில் காலமாகிவிட்டார். மூலப் பதிவு பத்திரமாக இருந்தது. என்றாலும் இந்தக் கணினியில் அதைத் திறக்கவே பயமாக இருந்தது.

யாழ் நகரில் கணினி திருத்தும் அண்ணா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றையும் கழற்றவில்லை. பை என்ற எண்ணைக் கோடிக்கணக்கான தசமதானங்களுக்குக் கணிக்கும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டார், நாளைக்கு வரச் சொன்னார். மறுநாள் போனால் திரையில் சிவப்பு எழுத்து. நடு இரவில் எங்கோ கணக்குப் பிழைத்திருக்கிறது. புரொசெசர்தான் பிழை விடுகிறது என்றார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு இதை எப்படிச் சொல்லலாம் என்று கேட்டேன். அதற்குள் ஓடுவது எங்கட இராமானுஜன்ட வழியில் வந்த கணக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு. இராமானுஜனை முத்திரையிலும் படத்திலும் மட்டும் தெரியும். அந்தச் சிவப்பு எழுத்துக்காகத்தான் அவரைப் படிக்கத் தொடங்கினேன்.

1887 டிசம்பர் 22 ஆம் திகதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தகப்பன் புடவைக் கடையொன்றில் கணக்கெழுதினார். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பாடுவார். பதினாறு வயதளவில் ஜோர்ஜ் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று இராமானுஜனின் கைக்கு வந்தது. அதில் ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் இருந்தன, நிறுவல்கள் மிகக் குறைவு. சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காகச் செய்த புத்தகம் அது. கணிதம் என்றால் விடையை எழுதுவது, வழியை மனதில் வைத்திருப்பது என்ற பழக்கம் அவருக்கு அதிலிருந்து வந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வறுமைக்கும் அதில் பங்குண்டு. கடதாசி வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசி வரியை மட்டும் கொப்பியில் எழுதி வைத்தார். செய்தித்தாள் கொப்பித் தாளில் அச்சான காலத்தில் வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் புலமைப்பரிசில் போனது, கல்லூரிச் சோதனையில் இரண்டு தடவை தவறினார். 1909 இல் ஜானகியுடன் திருமணம். ஜானகி அப்போது சின்னப் பிள்ளை. 1912 மார்ச்சில் மெட்ராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் இலிகிதர் வேலை. 1913 ஜனவரி 16 ஆம் திகதி கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தில் ஏறத்தாழ 120 முடிவுகள், நிறுவல் இல்லாமல். சில ஏற்கெனவே தெரிந்தவை. சில ஹார்டி கண்டிராதவை. முதன்மை எண்களைப் பற்றிய முக்கியமான ஒன்று பிழை. இதை நம்மவர்கள் எழுதும் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. இராமானுஜனும் பிழை விட்டார், அதைக் கண்டுபிடிக்க இன்னொருவர் சோதிக்க வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் முக்கியம்.

1914 மார்ச் 17 ஆம் திகதி கப்பலேறினார். ஓகஸ்டில் முதலாம் உலகப்போர். அவர் சேர்ந்த டிரினிற்றிக் கல்லூரியின் முற்றத்தில் காயப்பட்ட படையினருக்கான கட்டில்கள் போடப்பட்டன. ஹார்டியுடன் சேர்ந்து அவருக்குத் துணையாக இருந்த லிற்றில்வுட் பீரங்கிப் படைக்குக் கணக்குப் போடப் போய்விட்டார். மரக்கறி மட்டும் உண்பவருக்குப் போர்க்காலத்தில் அரிசியும் காய்கறியும் கிடைப்பது கஷ்டமாயிற்று. கடலில் நீர்மூழ்கிகள். நினைத்தாலும் ஊர் திரும்ப முடியாது. ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே சண்டை, ஜானகியின் கடிதங்கள் அவர் கைக்குப் போகவில்லை. பாதை பூட்டியிருந்த காலத்தில் கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்.

அந்த 1914 இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் பையின் தலைகீழைத் தரும் 17 தொடர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று 9801, 1103, 26390, 396 என்ற எண்களால் ஆனது. அதன் முதல் உறுப்பை மட்டும் கைத்தொலைபேசியில் போட்டுப் பாருங்கள். 9801 ஐ 2206 ஆல் வகுத்து, வருவதை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 3.1415927 வரும். ஆறு தசமதானங்கள் சரி. அடுத்த உறுப்பைச் சேர்த்தால் மேலும் எட்டு இலக்கங்கள், அதற்கடுத்ததுக்கு மேலும் எட்டு. 1103 எங்கிருந்து வந்தது என்று அவர் விளக்கவில்லை.

நிறுவ வேண்டும் என்று ஹார்டி திரும்பத் திரும்பக் கேட்டார். ஓரளவுக்குக் கற்றும் கொடுத்தார். 1917 இல் நோய் வந்தது. 1918 இல் றோயல் சொசைட்டி உறுப்பினர். 1919 இல், போர் முடிந்த பிறகு, மெலிந்த உடம்புடன் திரும்பி வந்தார். 1920 ஏப்ரல் 26 ஆம் திகதி மெட்ராஸ் சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32. காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம், அப்படியென்றால் அந்தக் காலத்திலேயே மாற்றியிருக்கலாம் என்று பின்னாளில் ஒரு ஆங்கிலேய மருத்துவர் வாதிட்டார்.

அவர் படுக்கையில் எழுதிய தாள்கள் மெட்ராஸிலிருந்து ஹார்டிக்குப் போய், அவரிடமிருந்து வாற்சன் என்ற கணிதவியலாளரின் வீட்டுக்குப் போய், வாற்சன் 1965 இல் இறந்ததும் குப்பையோடு குப்பையாகப் போகவிருந்தன. தப்பி டிரினிற்றி நூலகத்துக்கு வந்தன. 1976 இல் அமெரிக்கரான ஜோர்ஜ் அன்ட்ரூஸ் அங்கே ஒரு பெட்டியில் அவற்றைக் கண்டார். அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். ஐந்து வருடம் கழித்து எங்கள் ஊரில் ஒரு நூலகம் எரிந்தது. அதற்குள் இப்படித் திறக்காத பெட்டி எத்தனை இருந்தது என்று இனி எண்ண முடியாது.

1985 இல் பில் கொஸ்பர் என்ற அமெரிக்கர் அந்த 1103 தொடரைக் கணினியில் ஏற்றிப் பையை 1 கோடியே 75 இலட்சம் இலக்கங்களுக்குக் கணித்தார். அந்தத் தொடரை அப்போது யாரும் முழுதாக நிறுவியிருக்கவில்லை, 71 வருடம் கடந்திருந்தது. அதற்கு முன் ஜப்பானில் கனடா என்ற பேராசிரியர் வேறு வழியில் கணித்த இலக்கங்களோடு ஒப்பிட்டார், பொருந்தின. 1103 வேறு எண்ணாக இருக்க வழியில்லை என்பது அந்தப் பொருத்தத்தால் உறுதியானது. போர்வைன் சகோதரர்கள் பின்னர் முறையான நிறுவலைத் தந்தபோது அந்த ஒப்பீடும் அதற்கு உதவியது. ஆக, முதலில் சோதிக்கப்பட்டது இராமானுஜன். சோதித்தது கணினி.

அடுத்த வருடமே அது தலைகீழானது. 1986 இல் டேவிட் பெய்லி, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் புதிய கிரே-2 என்ற மாபெரும் கணினியில் பையை 2 கோடியே 90 இலட்சம் இலக்கங்களுக்கு மேல் கணித்தார். இராமானுஜன் வேலை செய்த அதே கணிதத்திலிருந்து போர்வைன் சகோதரர்கள் எடுத்த வழியில்தான் கணித்தார். அந்தக் கணக்கு ஓடியபோது வேறெந்தச் சோதனையிலும் அகப்படாத வன்பொருள் கோளாறுகள் அகப்பட்டன.

பைக்கு ஏன் அந்தச் சக்தி? கோடிக்கணக்கான பெருக்கல்களில் ஒன்று பிழைத்தாலும் அதற்குப் பிறகு வருவதெல்லாம் குப்பையாகிவிடும். காணொளியில் ஒரு புள்ளி பிழைத்தால் கண்ணுக்குப் படாது, பையில் மறைய முடியாது. வேறு சூத்திரத்தால் கணித்துக் கடைசி இலக்கங்களை ஒப்பிட்டால் போதும். இப்போது உலகெங்கும் புரொசெசர்களை வாட்டிச் சோதிக்கப் பாவிக்கும் மென்பொருளில், கீவ் நகரிலிருந்து நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்த சுட்னோவ்ஸ்கி சகோதரர்களின் தொடர் ஓடுகிறது. இராமானுஜனின் வழியில் கட்டியது, ஓர் உறுப்புக்கு 14 இலக்கம். தபாலில் வரவழைத்த பாகங்களைக் கொண்டு அவர்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு பெரிய கணினியைக் கட்டினார்கள். அந்த வீட்டு வெக்கையை நினைத்துப் பார்க்கிறேன்.

தொழிற்சாலையிலும் சோதிக்கிறார்கள்தான். வடிவமைப்பைச் செதுக்குவதற்கு முன்னரே வேறு கணினிகளில் மாதக்கணக்காக ஓட்டிப் பார்ப்பார்கள். செய்து முடித்த ஒவ்வொரு சில்லையும் ஊசிமுனைகளால் தொட்டு மின்சாரம் செலுத்திப் பார்ப்பார்கள். சூடாக்கி, மின்னழுத்தத்தைக் கூட்டிப் பலவீனமானவற்றைக் கழிப்பார்கள். வேகத்தில் தடுமாறுகிறவை குறைந்த வேகத்தில் குறைந்த விலைக்குப் போகும். ஆனால் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. 64 பிற்று எண்கள் இரண்டைப் பெருக்கும் பாகத்தை மட்டும் முழுதாகச் சோதிக்க, போட்டுப் பார்க்க வேண்டிய சோடிகளின் தொகை 39 இலக்க எண்.

அந்த இடைவெளிக்குள்தான் 1994 இல் இன்டெல் விழுந்தது. அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் கல்லூரிப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, இரண்டு வித்தியாசத்தில் வரும் முதன்மை எண் சோடிகளின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். புதிய பென்டியம் கணினியில் வந்த விடை பழைய கணினியின் விடையோடு பொருந்தவில்லை. மாதக்கணக்காகத் தன் பிழையைத்தான் தேடினார். கடைசியில் பிழை புரொசெசரில் இருந்தது. வகுத்தலுக்காகச் சில்லுக்குள் பதித்திருந்த அட்டவணையில் சில இடங்கள் வெறுமையாக விடுபட்டிருந்தன. 4195835 ஐ 3145727 ஆல் வகுத்தால் 1.3338 வர வேண்டும், பென்டியம் 1.3337 என்றது. சாதாரண ஆட்களைப் பாதிக்காது என்று நிறுவனம் முதலில் சமாளித்தது. டிசம்பரில் மன்னிப்புக் கேட்டு எல்லோருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. செலவு 47 கோடியே 50 இலட்சம் டொலர். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரமே இல்லை.

அதற்குப் பிறகு சில்லு நிறுவனங்கள், எத்தனை சோதனை செய்தாலும் போதாது, வகுக்கும் முறை சரியானதென்று கணித ரீதியாக நிறுவ வேண்டும் என்ற முடிவுக்கு வந்தன. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் புதிய புரொசெசரின் வகுத்தலை 1995 இல் நிறுவியது. ஹார்டி இராமானுஜனிடம் கேட்டதும் அதைத்தான்.

இரண்டு வழியில் எண்ணிப் பொருந்தாவிட்டால் எங்கோ பிழை என்பது நமக்குப் புதிதல்ல. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் செய்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் கச்சேரிக் கணக்கில் 429,059. வெளியே வந்தோர் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே என்று கேட்டார். இதுவும் பிழையான எண்ணாக இருக்கலாம் என்போர் இருக்கிறார்கள். அப்படியானால் எந்த அட்டவணையில் எந்த இடம் வெறுமையாக விடப்பட்டது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

என் கணினிக்கு வருகிறேன். முன்பு வைத்திருந்த ஆள் விளையாட்டுக்காகப் புரொசெசரின் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தார். அண்ணா அதைத் தொழிற்சாலை வேகத்துக்கு இறக்கி, திரும்பவும் இரவிரவாகப் பை ஓடவிட்டார். இந்தமுறை பிழைக்கவில்லை. அந்த அம்மாவின் நேர்காணலை இரண்டு தடவை சேமித்து ஒப்பிட்டேன். இப்போதும் அப்படித்தான் செய்கிறேன், அந்தக் கணினியை முழுதாக நம்ப எனக்கு மனமில்லை.

ஜானகி அம்மாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்தோரு வயதளவில் விதவையானார். தையல் பழகி, திருவல்லிக்கேணியில் சட்டை தைத்தும் தையல் சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார், ஒரு பையனை எடுத்து வளர்த்தார். கணவருக்குச் சிலை வைப்பதாக ஒரு காலத்தில் சொன்னார்கள், எங்கே அந்தச் சிலை என்று வயதான காலத்தில் ஒரு பத்திரிகைக்காரரிடம் கேட்டார். செய்தியைப் படித்த வெளிநாட்டுக் கணிதவியலாளர்கள் பணம் சேர்த்தார்கள். அமெரிக்கச் சிற்பி போல் கிரான்லண்ட், இராமானுஜனின் கடவுச்சீட்டுப் படத்தைப் பார்த்து வெண்கலத்தில் மார்பளவுச் சிலை செய்தார். கொஸ்பர் பையைக் கணித்த அதே 1985 இல் அது ஜானகி அம்மாளிடம் போய்ச் சேர்ந்தது. கணவர் போய் அறுபத்தைந்து வருடம் ஆகியிருந்தது.