செடிகளின் சொந்தபந்தம் தேடிய ஜானகி அம்மாள்

தேக்கா சந்தையில் சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் தனித்தனிக் கூடைகளில் இருக்கும். விலை வேறு, ருசி வேறு. ஆனால், தாவரவியலில் இரண்டும் ஒரே இனம். பக்கத்தில் உள்ள வெங்காயத்தாள் பெரும்பாலும் வேறோர் இனம். பூண்டு இன்னும் தூரத்துச் சொந்தம். பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் எனக்கு இந்த உறவுமுறையில் ஆர்வத்தை ஏற்படுத்தியது ஜானகி அம்மாளின் வாழ்க்கை.

கேரளத்தின் தலச்சேரியில் 1897ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். வீட்டில் திருமணப் பேச்சு எழுந்தபோது படிப்பையே தேர்ந்தெடுத்தார். உபகாரச் சம்பளத்துடன் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 1931ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்.

பிறகு கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு நிலையத்தில், கரும்பை மக்காச்சோளம் போன்ற பிற புல் குடும்பச் செடிகளுடன் கலந்து கலப்பினங்களை உருவாக்கினார்.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டிற்குச் சென்றிருந்தபோது போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி, லண்டன் ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, டார்லிங்டனுடன் சேர்ந்து 1945ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

எதற்காக எண்ண வேண்டும்? உறவை அறிய அதுவே முதல் படி. லீக் கீரைக்குப் பொதுவாக 32 குரோமோசோம்கள். வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு மூன்றுக்கும் 16. ஆயினும், எண் ஒத்துப்போவதால் மட்டும் நெருங்கிய சொந்தம் ஆகிவிடாது. வெங்காயத்தையும் வெங்காயத்தாளையும் கலந்தால் செடி வளரும். ஆனால் அதில் விதை பிடிப்பது அரிது.

இந்த உறவு ஆராய்ச்சி நம் சமையலறை வரை வருகிறது. இமயமலைப் பகுதியில் வளரும் காட்டு வெங்காயம் ஒன்றின் நோய் எதிர்ப்புத் தன்மையைப் பிற்கால ஆய்வாளர்கள் பயிர் வெங்காயத்திற்குக் கொண்டுவந்தனர். காட்டுச் சொந்தம் அழிந்திருந்தால் அந்த வாய்ப்பும் போயிருக்கும்.

பிரதமர் நேரு அழைத்ததால் 1951ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய ஜானகி அம்மாள், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை நீர்மின் திட்டம் மூழ்கடிக்கவிருந்தபோது, எண்பது வயதைக் கடந்த நிலையிலும் எதிர்த்துக் குரல் கொடுத்தார். அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களை ஆராயவும் முனைந்தார்.

1984 பிப்ரவரியில், 86வது வயதில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தாவரவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்போருக்கு நான் இப்போது சொல்வது அவருடைய கதையைத்தான்.