வலியற்ற சிகிச்சைக்கு வழிவகுத்த ஹோரஸ் வெல்ஸ்: மறைவுக்குப் பின் கிடைத்த அங்கீகாரம்

வாயுவைச் சுவாசிக்கச் செய்து நோயாளியின் வலியை அகற்றலாம் என்பதைத் தனது உடலிலேயே சோதித்து அறிந்தவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ். மயக்கவியல் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான அவர், அதற்குரிய பெருமையைக் காணாமலேயே 33-ஆவது வயதில் மறைந்தார்.

வெர்மான்ட் மாநிலத்தில் 1815-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி பிறந்த வெல்ஸ், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பல் மருத்துவராகப் பணியாற்றினார். அங்கு 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி கார்ட்னர் கோல்டன் நடத்திய சிரிப்பூட்டும் வாயுக் காட்சியை அவர் கண்டார். நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசித்த இளைஞர் ஒருவர், காலில் காயம் ஏற்பட்டும் வலியை உணரவில்லை. இதனைக் கவனித்த வெல்ஸ், மறுநாளே அவ்வாயுவைச் சுவாசித்து, சக மருத்துவர் ஜான் ரிக்ஸ் மூலம் தனது பல்லை வலியின்றி அகற்றிக்கொண்டார்.

எனினும், 1845-ஆம் ஆண்டு ஜனவரியில் பாஸ்டன் நகரில் மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் அவர் நடத்திய செயல்விளக்கம் தோல்வியடைந்தது. பல் பிடுங்கப்பட்டபோது நோயாளி அலறியதால், கூடியிருந்தவர்கள் வெல்ஸை ஏளனம் செய்தனர். வாயுப் பை முன்னதாகவே விலக்கப்பட்டதே தோல்விக்குக் காரணம் என அவர் பின்னர் விளக்கமளித்தார்.

இத்தோல்வியின் பின்னணியை இன்றைய அறிவியல் தெளிவுபடுத்துகிறது. நைட்ரஸ் ஆக்சைடு, மூளையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் கிளர்ச்சிச் சமிக்ஞையை ஏற்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை முதன்மையாகத் தடுக்கிறது. வலியைத் தணிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால், இயல்பான காற்றழுத்தத்தில் அதை மட்டும் கொண்டு முழு மயக்கத்தை உறுதிசெய்ய இயலாது. இரத்தத்தில் குறைவாகவே கரைவதால், சுவாசிப்பதை நிறுத்திய சில நிமிடங்களில் அதன் விளைவும் நீங்கிவிடும். மாறாக, ஈதர் போன்ற ஆவிகள் காபா ஏற்பிகளின் செயல்பாட்டை வலுப்படுத்துகின்றன. இதனால் குளோரைடு அயனிகள் நரம்பணுக்களுக்குள் கூடுதலாக நுழைந்து அவற்றின் செயல்பாட்டை அடக்குகின்றன; ஆழ்ந்த மயக்கம் உண்டாகிறது.

அந்த ஈதரைக் கொண்டே, வெல்ஸின் முன்னாள் கூட்டாளியான வில்லியம் மார்ட்டன் 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வெற்றி கண்டார். கண்டுபிடிப்புக்கு உரிமை கோரி வெல்ஸ் நடத்திய போராட்டம் அவர் உயிருடன் இருந்தவரை முடிவுக்கு வரவில்லை.

இதனிடையே, குளோரோஃபார்மைத் தன் மீதே தொடர்ந்து சோதித்த வெல்ஸ் அதற்கு அடிமையானார். 1848-ஆம் ஆண்டு ஜனவரியில், நியூயார்க் வீதியில் மனநிலை பிறழ்ந்த நிலையில் இரு பெண்கள் மீது அமிலம் வீசியதாகக் கைது செய்யப்பட்டார். தெளிவு திரும்பியபின் குற்ற உணர்வால் துயருற்ற அவர், ஜனவரி 24-ஆம் தேதி சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பாரிஸ் மருத்துவச் சங்கம் அவரது கண்டுபிடிப்பை அங்கீகரித்த செய்தி அதன் பிறகே அமெரிக்காவை எட்டியது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1864-ஆம் ஆண்டிலும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1870-ஆம் ஆண்டிலும் அவரது முன்னுரிமையை ஏற்றன. அவர் ஏளனத்துக்கு உள்ளாகக் காரணமான நைட்ரஸ் ஆக்சைடு, பல் மருத்துவத்திலும் மகப்பேற்று வலியைத் தணிக்கவும் இன்றும் பயன்படுத்தப்பட்டு வருவது குறிப்பிடத்தக்கது.