அடித்த கோடுகளில் பிறந்த ஓவியங்கள்

வட கொல்கத்தாவில் ஜோராசாங்கோ என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள தாகூர் குடும்பத்தின் பெரிய இல்லத்தில் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இரவீந்திரநாத் தாகூர் பிறந்தார். கீதாஞ்சலியின் ஆசிரியர், 1913இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவர், நம் நாட்டுப்பண்ணை இயற்றியவர் என அவரை நாம் அறிவோம். அறுபது வயதைக் கடந்த பின்னர் அவர் ஓவியராகவும் மலர்ந்ததைப் பலர் அறியார்.

இளமையில் பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் ஓவிய ஆசிரியர் அவருக்காகக் காத்திருப்பார். ஆயினும் அக்கலை அவருக்கு எளிதில் வசப்படவில்லை. அடுத்த இல்லத்தில் வளர்ந்த, அவருக்கு அண்ணன் மகன் முறையினரான ககனேந்திரநாத்தும் அவனீந்திரநாத்தும் புகழ்பெற்ற ஓவியர்களாயினர். தாகூரோ, ஓவியம் தமக்குக் கிட்டாத கலை என்றே எண்ணினார். 1900ஆம் ஆண்டில் மீண்டும் வரைய முயன்றார். அப்போது, தாம் எழுதுகோலைவிட அழிப்பானையே மிகுதியாகப் பயன்படுத்துவதாகத் தம் நண்பரும் அறிவியலறிஞருமான ஜகதீச சந்திர போசுக்கு வேடிக்கையாகக் கடிதம் எழுதினார்.

பின்னாளில் அவருக்கு வழிகாட்டியவை அவருடைய பிழைகளே. கவிதை எழுதும்போது வேண்டாத சொற்களை அடித்துவிடுவார். அந்த அடித்தல்கள் தாளில் அழகின்றிச் சிதறிக் கிடப்பதை அவர் மனம் ஏற்கவில்லை. ஆகவே, அவற்றைக் கோடுகளால் இணைத்தார். ஓரிடத்தில் பறவையின் அலகு தோன்றியது; வேறோரிடத்தில் விந்தையான விலங்கொன்று எட்டிப் பார்த்தது. 1924ஆம் ஆண்டின் இறுதியில் அவர் உடல்நலம் குன்றி அர்ஜென்டினா நாட்டில் தங்கியிருந்தார். அப்போது விக்டோரியா ஒகாம்போ என்னும் எழுத்தாளர் அவருடைய கவிதை ஏட்டில் இவ்வுருவங்களைக் கண்டு வியந்தார்.

சில ஆண்டுகளில் தாகூர் தனித் தாள்களில் ஓவியம் தீட்டத் தொடங்கினார். தூரிகை மட்டுமன்றி, பேனா முனையும் கந்தைத் துணியும் விரல் நுனியும் அவருடைய கருவிகளாயின. வண்ண மைகளைக் கொண்டு விரைந்து வரைவார். மனித முகங்களும் விலங்குகளும் அவர் பெரிதும் விரும்பி வரைந்தவை. ஆழ்ந்த கண்களையுடைய பெண்களின் முகங்கள் பலவற்றைத் தீட்டினார். தம் முகத்தையும் பலமுறை வரைந்து பார்த்தார்.

முறைப்படி பயிலாத தம் ஓவியங்களை உலகம் ஏற்குமோ என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. எனினும், ஒகாம்போவின் உதவியால் 1930ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 69. அதே ஆண்டில் பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் முதலிய நகரங்களிலும் அவ்வோவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1932இல் கொல்கத்தா மக்களும் அவற்றைக் கண்டனர். அவர் தம் ஓவியங்களுக்குப் பெரும்பாலும் பெயர் சூட்டவில்லை. பொருள் காணும் உரிமையைக் காண்போரிடமே விட்டுவிட்டார்.

1937இல் தம் பேத்திக்குச் சொன்ன வேடிக்கைக் கதைகளைத் தாமே வரைந்த படங்களுடன் நூலாக வெளியிட்டார். 1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள், தாம் பிறந்த அதே இல்லத்தில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற ஓவியங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவ்வில்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

மாணவர்களே! பாட்டியின் முகத்தையோ வீட்டுப் பூனையையோ வரையும்போது கோடு தவறினால் தாளைக் கிழித்துவிடாதீர்கள். அத்தவறான கோட்டைச் சற்று உற்று நோக்குங்கள். அதற்குள் ஓர் உருவம் காத்திருக்கலாம்.

சிந்தித்து எழுதுக

1. தாகூரின் அடித்தல்கள் எவ்வாறு ஓவியங்களாயின?
2. தம் ஓவியங்களை வெளியிட அவர் தயங்கியது ஏன்?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒருவரையோ வளர்ப்பு விலங்கையோ வரைந்து, அதைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.