ஐந்து பவுண்டு கடனும் அரை அங்குலத் துளையும்



மேசை மேல் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயிலைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ரயிலுக்குத் தன் பெயரையே கொடுத்தவர் ஃபிராங்க் ஹார்ன்பி. பெரிய இன்ஜினியர்னு நினைச்சிடாதீங்க. அவர் கணக்கு எழுதியவர்!

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் 1863 மே 15-ல் பிறந்தார். அப்பா உணவுப் பொருள் வியாபாரி. 16 வயதில் பள்ளியை விட்டு, அப்பா கடையிலேயே கேஷியராக உட்கார்ந்தார். 1899-ல் அப்பா இறந்துபோக, கடையையும் மூடிவிட்டார்கள். அப்புறம் இறைச்சி இறக்குமதி செய்யும் எலியட் என்பவரிடம் கணக்கர் வேலை. இன்ஜினியரிங் எதையும் அவர் கல்லூரியில் படித்ததே இல்லை.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. தன் இரண்டு பையன்களுக்காகத் தகடு வெட்டி கிரேன், பாலம், லாரி என்று பொம்மை செய்வார். ஒவ்வொரு பொம்மைக்கும் புதுசாகத் தகடு வெட்ட வேண்டியிருந்தது. இங்கேதான் அவருக்கு மூளை வேலை செய்தது. எல்லாத் தகட்டையும் அரை அங்குல அகலத்தில் வெட்டி, அரை அங்குலத்துக்கு ஒரு துளை போட்டால் என்ன? எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் சேருமே! இன்று கிரேனாக இருப்பதை நாளை கழற்றிப் பாலமாக்கலாமே! முதலில் போல்ட், நட்டு வரைக்கும் கையாலேயே செய்தார்.

நாம் வொர்க்ஷாப்பில் படிக்கிற இன்டர்சேஞ்சபிலிட்டி இதுதான். ஃபிட்டிங் ஷாப்பில் என் முதல் ஜாப் பொருந்தாமல் திரும்பி வந்தபோது, அரை மில்லிமீட்டர் இடைவெளிக்கு ஏன் இவ்வளவு திட்டு என்று எரிச்சலாக இருந்தது. ஹார்ன்பி கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது. துளை தள்ளிப் போனால் பாலமும் கிடையாது, கிரேனும் கிடையாது.

1901-ல் இதற்குக் காப்புரிமை வாங்கக் கையில் பணமில்லை. கூச்சப்படாமல் முதலாளியிடம் போய் 5 பவுண்டு கடன் கேட்டார். அப்போது அவருக்கு வயது 37. முதலாளியும் நல்ல மனுஷர். கடன் கொடுத்ததோடு, ஆபீஸ் பக்கத்திலேயே காலியாக இருந்த இடத்தையும் கொடுத்துக் கூட்டாளியாகவும் சேர்ந்தார். விற்பனை உடனே பிய்த்துக்கொண்டு போகவில்லை. 1906-ல்தான் முதல் முறையாகக் கொஞ்சம் லாபம் பார்த்தார்கள். அதுவரை கணக்கர் வேலையை விடாமல் இரண்டையும் இழுத்தார். 1907-ல்தான் வேலையை விட்டுச் சொந்தமாகத் தயாரிக்க இறங்கினார். அந்த வருஷம் வைத்த பெயர்தான் மெக்கானோ. 1914-ல் லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலை எழுந்தது.

1920-ல் வந்தது ஹார்ன்பி ரயில். சாவி கொடுத்தால் ஓடும் 32 மில்லிமீட்டர் அகலப் பாதை ரயில். அதையும் மெக்கானோ மாதிரியே போல்ட் கழற்றிப் பிரித்துப் பூட்டலாம். 1934-ல் டிங்கி என்ற குட்டிக் கார்கள். நடுவில் 1931 முதல் 1935 வரை பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1936 செப்டம்பர் 21-ல் காலமானார்.

இன்னொரு செய்தி சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். மேத்ஸ் பேப்பரில் நம்மை அழவைக்கிற டிஃபரன்ஷியல் ஈக்வேஷனைத் தீர்க்க, 1934-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்ரி என்ற பேராசிரியரும் போர்ட்டர் என்ற மாணவரும் ஒரு இயந்திரம் கட்டினார்கள். எதை வைத்து? பெரும்பாலும் மெக்கானோ துண்டுகளை வைத்து! கணக்கர் செய்த பொம்மை, பல்கலைக்கழகத்துக்கே கணக்குப் போட்டது.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். எங்கப்பா செங்கல் சுமப்பவர். டிப்ளமோ என்றால் என்னன்னு அவருக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை. முதல் வருஷம் யாராவது அப்பா என்ன வேலைன்னு கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். புத்தகம் இரவல் கேட்கவும் கூச்சம். தெரியாத கணக்கைப் பக்கத்துப் பையனிடம் கேட்கவும் கூச்சம். அதனாலேயே இரண்டு அரியர்.

37 வயதுக் குடும்பஸ்தர் 5 பவுண்டுக்குக் கை நீட்டினார். அன்று அவர் கூச்சப்பட்டிருந்தால் அந்த ரயில் ஓடியே இருக்காது. இதைப் படித்த அன்றே பக்கத்து பெஞ்ச் நண்பனிடம் மேத்ஸ் நோட்டைக் கேட்டு வாங்கினேன். அப்பா என்ன வேலை என்றும் அவனிடம் சொன்னேன். அவன் அப்பாவும் கூலி வேலைதானாம்!

நண்பர்களே, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். இருப்பவர்கள் எலியட் மாதிரி கொடுங்கள். துளையை மட்டும் சரியான இடத்தில் போடுவோம். மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும்!

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்