மூளையின் அலையைக் கண்டவர்

பீரங்கி வண்டியை இழுத்துக்கொண்டு குதிரைகள் பாய்ந்து வருகின்றன. மிரண்ட குதிரையிலிருந்து விழுந்த பட்டாள வாலிபன் ஒருவன் வழியிலே கிடக்கிறான். மயிரிழையில் வண்டி நின்றது, உயிர் தப்பியது! அன்று மாலையே தகப்பனாரிடமிருந்து தந்தி வந்தது, சுகந்தானா என்று கேட்டு. தூரத்தில் வீட்டிலிருந்த அக்காளுக்குத் தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனத்தில் பட்டதாம். அவள் வற்புறுத்தியதால் வந்த தந்தி அது.

அந்த வாலிபர்தான் ஹான்ஸ் பெர்கர்.

ஜெர்மனியில் கோபுர்க் நகருக்கு அருகே 1873 மே 21-ந் தேதி பிறந்தவர். தந்தை டாக்டர், தாயைப் பெற்ற பாட்டனார் ரூக்கர்ட் பிரபல கவிஞர். வான சாஸ்திரம் படிக்கப் போன பெர்கர், அந்தச் சம்பவத்துக்குப் பின் வைத்தியம் படிக்கத் தொடங்கினார். மனத்தின் சக்தியை அளக்க முடியாதா? இந்தக் கேள்வி அவரை விடவேயில்லை.

யேனா நகரின் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, 1919-ல் அதன் தலைவரானார். மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்தார், உஷ்ணத்தை அளந்தார். விடை கிடைக்கவில்லை. பிராணிகளின் மூளையில் மின்சாரம் உண்டென்று இங்கிலாந்தில் டாக்டர் கேட்டன் 1875-லேயே கண்டிருந்தார். மனிதனுக்கும் உண்டா?

அசைந்தது முள்!

1924 ஜூலையில், மூளை ஆபரேஷனுக்கு உள்ளான 17 வயதுப் பையன் ஒருவனிடம் அந்த மின்சாரம் முதன்முதலாகப் பதிவாயிற்று. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் சில பத்துக் கூறுதான் தலைத்தோலில் கிடைக்கும். கருவியின் கோளாறோ என்று பெர்கருக்கே சந்தேகம். தம் தலையிலும் தம் மகன் தலையிலும் மீண்டும் மீண்டும் சோதித்தார். ஐந்து வருஷங்கள் கழித்து, 1929-ல்தான் கட்டுரை வெளியிட்டார்.

கண்ணை மூடிச் சும்மா இருந்தால் விநாடிக்குச் சுமார் 10 அலைகள். இதற்கு ஆல்பா என்று பெயரிட்டார். கண்ணைத் திறந்தாலோ, மனக்கணக்குப் போட்டாலோ அலை ஒடுங்கிவிடும்! விஞ்ஞான உலகம் நம்ப மறுத்தது. 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூஸும் செய்து பார்த்து உண்மை என்றார்கள். புகழ் வந்தது.

தீராத களங்கம்

ஆனால் வாழ்க்கையில் இருளும் உண்டு. ஹிட்லர் ஆட்சியில், பரம்பரை நோய் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குப் பலவந்தமாகக் கருத்தடை செய்ய உத்தரவிட்ட மேல் கோர்ட்டில் அவரும் அங்கத்தினராக அமர்ந்தார். நாஜிகளால் துன்புற்றவர் என்றே வெகுகாலம் கருதப்பட்டவர். தஸ்தாவேஜுகள் பிற்பாடு வேறு கதை சொல்லின. மூளையின் மொழியைக் கேட்டவர், எதிரே நின்ற மனிதரின் குரலைக் கேட்கவில்லை!

1938-ல் ஓய்வு பெற்றார். மனச்சோர்வு வாட்டியது. 1941 ஜூன் 1-ந் தேதி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

மனத்திலிருந்து மனத்துக்குச் செய்தி போகும் வழி அவருக்கு அகப்படவில்லை. ஆனால் மனக்கணக்கில் ஒடுங்கிய அந்த அலை வீண்போகவில்லை. மூளையலைகளைக் கம்ப்யூட்டருடன் இணைக்கலாம் என்று அமெரிக்காவில் விடால் 1973-ல் எழுதினார். ஒரே சமயத்தில் நினைவில் தாங்கவேண்டிய எண்கள் கூடக் கூட, பெரும்பாலும் நெற்றிப் பக்கத்தில் விநாடிக்கு 4 முதல் 7 வரையுள்ள தீட்டா அலை ஓங்குகிறது, ஆல்பா தணிகிறது. இதைக் கொண்டு, சுமை மிஞ்சுகிறதா என்று கம்ப்யூட்டரே கணித்து வேலையைக் குறைக்கும் முறைகளை ஆராய்ந்து வருகிறார்கள்.

அக்காளின் தந்தி எழுப்பிய கேள்வி, இப்படி வேறு விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது!