வைத்திய மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ

பல் இருக்கும் வரை அதன் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்று விழுந்து விட்டாலோ உணவு ருசிப்பதில்லை. பேச்சு தெளிவாக வருவதில்லை. குர்ஆன் ஓதுங்கால் ஸா, தால், ஃபா போன்ற எழுத்துக்களின் மக்ரஜும் வழுவி விடுகிறது. விழுந்த பல்லுக்குப் பதிலாக வேறொரு பல்லை அமைக்கும் வித்தை இக்காலத்தில் பெரிதும் வளர்ந்துள்ளது. ஆயினும் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இது குறித்துத் தம் நூலில் விளக்கமாக எழுதி வைத்த மேதை ஒருவர் நம்மவரிடையே வாழ்ந்தார். அன்னாரின் வரலாற்றை வாசக நேயர்கட்குச் சுருக்கமாகக் கூற விழைகிறோம்.

பிறப்பும் ஊரும்

இன்றைய ஸ்பெயின் தேசத்தின் பெரும்பகுதி அக்காலத்தில் அந்தலூஸ் என்னும் பெயருடன் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. குர்துபா அதன் தலைநகர். கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான், குர்துபாவுக்கு மேற்கே சில மைல் தொலைவில், 936-ஆம் ஆண்டளவில் மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அழகிய நகரைக் கட்டத் தொடங்கினார். அந்நகர் எழுந்த அதே காலத்தில்தான் அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அவர்களும் பிறந்தார்கள். ஊரின் பெயரே அஸ்ஸஹ்ராவீ என்று அவர்களுடன் ஒட்டிக் கொண்டது. அல் அன்ஸாரீ என்ற பட்டமும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மதீனாவில் வரவேற்று ஆதரித்த அன்ஸார்களின் வழிவந்த குடும்பம் என்பதை அது காட்டும்.

அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் பக்கம் பக்கமாகச் சரித்திரம் எழுதிய உலகம் இப்பெரியாருக்குச் சில வரிகளையே ஒதுக்கியது. அன்னார் மறைந்த பின்னர் வாழ்ந்த அல் ஹுமைதீ என்னும் ஆசிரியர், இவர் மார்க்கப் பற்றும் நற்குணமும் கல்வியும் உடையவர், வைத்தியத்தில் வல்லவர் என்று குறித்துச் சென்றார். மற்றவற்றை நாம் அறிந்து கொள்வது அன்னாரின் நூலிலிருந்துதான்.

ஐம்பதாண்டு உழைப்பு

அந்நூலின் பெயர் கிதாபுத் தஸ்ரீஃப். பல நூல்களைத் தேடித் தொகுத்துப் படிக்க வசதியற்றவருக்கு ஒரே நூலில் எல்லாம் கிடைக்க வேண்டும் என்ற கருத்தைத் தாங்கியே அதன் முழுப் பெயரும் அமைந்துள்ளது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்துப் பெற்ற அனுபவத்தை 30 பாகங்களில் எழுதி, 1000-ஆம் ஆண்டளவில் நிறைவு செய்தார்கள். முப்பதாவது பாகம் முழுவதும் ரண சிகிச்சையைப் பற்றியது. சுமார் 200 கருவிகளின் படங்களும் அதில் வரையப்பட்டுள்ளன. எந்தக் கருவி எப்படி இருக்கும், எதற்குப் பயன்படும் என்பதைப் படத்தால் விளக்கினால் மாணவர் தவறு செய்ய மாட்டார் அல்லவா?

தவறு நேரக் கூடாது என்பதில் அன்னாருக்கு அத்தனை கவலை. உடற்கூற்றை அறியாமல் கத்தியை எடுப்பவன் மனிதரைக் கொன்று விடுவான் என்று எச்சரிக்கிறார்கள். ஒரு பெண்ணின் கழுத்திலிருந்த கட்டியை அறிவற்ற வைத்தியன் ஒருவன் அறுத்ததையும், இரத்தக் குழாய் வெட்டுண்டு அப்பெண் அவன் முன்னாலேயே இறந்ததையும் தாம் கண்டபடி எழுதியுள்ளார்கள். மாணவர்களைத் தம் பிள்ளைகள் என்றே அழைத்து அறிவுரை கூறுகிறார்கள்.

பல்லைக் காப்பதே முதல் வேலை

அக்காலத்தில் பல் பிடுங்குவது பெரும்பாலும் நாவிதர் கையில் இருந்தது. அபுல் காஸிம் அவர்களோ பல் வைத்தியத்தை இழிவாகக் கருதவில்லை. பல்லில் படியும் காரையே ஈறு கெடுவதற்குக் காரணம் என்று கண்டு, நோயாளியின் தலையைத் தம் மடியில் சாய்த்துக் கொண்டு அதனைச் சுரண்டி எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு நாளில் முடியாவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் செய்ய வேண்டும். உள்பக்கம், வெளிப்பக்கம், பல்லிடுக்கு ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சுரண்டிகளை வரைந்து காட்டியுள்ளார்கள்.

பல்வலி என்று வருபவருக்கு உடனே பல்லைப் பிடுங்கி விடக் கூடாது. எல்லா மருந்தையும் செய்து பார்த்த பின்னரே அதற்குத் துணிய வேண்டும் என்பது அன்னாரின் கொள்கை. போன பல்லுக்கு ஈடானது வேறில்லை என்பதே காரணம். வலி நோயாளியை ஏமாற்றும். நல்ல பல்லைக் காட்டி இதுதான் என்பார். நாவிதரும் அதைப் பிடுங்கி விடுவார், வலியோ நீங்காது. ஆதலால் எந்தப் பல் என்பதைத் திடமாக அறிந்த பிறகே கை வைக்க வேண்டும் என்கிறார்கள். பிடுங்க நேர்ந்தாலும், முதலில் சுற்றிலும் ஈறைப் பிரித்து, சிறிது சிறிதாக அசைத்து, குழி விழுந்த பல்லாயின் குழியைத் துணியால் அடைத்து, பின்னரே பலமான குறடால் நேராக இழுக்க வேண்டும். முறிந்த வேர் உள்ளே தங்கி விடக் கூடாது என்பதற்கே இத்தனை நிதானம்.

தங்கக் கம்பியும் எலும்புப் பல்லும்

அடிபட்டோ விழுந்தோ முன்பற்கள் ஆடினால், மருந்தால் இறுகாத போது, அவற்றை உறுதியான பக்கத்துப் பற்களுடன் சேர்த்து மெல்லிய தங்கக் கம்பியால் பின்னிக் கட்டும் முறையை அன்னார் விளக்குகிறார்கள். கம்பியின் நுனி நாவைக் குத்தாமல் பல்லிடுக்கில் மறைய வேண்டும் என்பது வரை சொல்லி விடுகிறார்கள். வெள்ளியை விடத் தங்கமே மேல்; வெள்ளி சில நாளில் கெட்டு விடும், தங்கம் மாறாது என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

இங்கு ஒரு ஹதீஸ் நம் நினைவுக்கு வருகிறது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்து, வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தார்கள். அதில் துர்நாற்றம் உண்டாகவே, தங்கத்தால் செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்க ஆபரணம் ஆகாது எனினும், தேவைக்காகப் பல்லைத் தங்கத்தால் கட்டுவதற்கு மார்க்க அறிஞர் பலர் இதனை ஆதாரமாகக் கொண்டனர்.

பல் விழுந்தே விட்டால்? அதே பல்லைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துக் கட்டலாம் என்கிறார்கள். அல்லது மாட்டெலும்பில் பல்லின் வடிவாகச் செதுக்கி, காலியான இடத்தில் பொருத்தி, தங்கக் கம்பியால் பக்கத்துப் பற்களுடன் இணைக்கலாம். அது நெடுங்காலம் பயன் தரும் என்றும் எழுதியுள்ளார்கள்.

இன்று தாடை எலும்பில் டைட்டேனியத் திருகை ஊன்றி அதன் மேல் பல் அமைக்கிறார்கள். 1952-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் பிரானெமார்க், முயலின் எலும்பில் வைத்த டைட்டேனியம் எலும்புடன் பிரிக்க முடியாதபடி ஒட்டிக் கொண்டதைக் கண்டார். 1965-இல் முதல் நோயாளிக்கு அம்முறையில் சிகிச்சை நடந்தது. ஸஹ்ராவீ அவர்களின் எலும்புப் பல் தாடைக்குள் ஊன்றப்பட்டதன்று. பக்கத்துப் பற்களின் பிடிப்பில் நின்றது. ஆதலால் இரண்டும் ஒன்றே என்று நாம் பெருமை பேசுவது உண்மையாகாது. ஆயினும் பல்லிழந்தவரை அப்படியே விட்டு விடாமல், அவரும் மென்று உண்ணவும் பேசவும் வழி காண வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான்.

நகர் அழிந்தது, நூல் நின்றது

அன்னாரின் முதுமையில் அந்தலூஸில் உள்நாட்டுக் கலகம் மூண்டது. 1010-ஆம் ஆண்டில் மதீனத்துஸ் ஸஹ்ரா கலகப் படைகளின் சூறையாடலுக்கு இரையாயிற்று. தம்முடன் பிறந்து தம்முடன் வளர்ந்த நகரம் பாழானதைக் கண்ட சில ஆண்டுகளில், 1013-ஆம் ஆண்டளவில், அபுல் காஸிம் அவர்கள் வபாத்தானார்கள். இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

பளிங்கு மாளிகைகள் மண்ணுக்குள் போயின. 1911-ஆம் ஆண்டு முதல்தான் அவற்றைத் தோண்டி எடுக்கலாயினர். நூலோ மண்ணுக்குள் போகவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் ஜெரார்டு என்னும் அறிஞர் ரண சிகிச்சைப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியர் அன்னாரை அல்புகாசிஸ் என்று அழைத்துப் பாடம் படித்தனர். 1465-இல் ஷரஃபுத்தீன் என்னும் துருக்கி வைத்தியர் அதனைத் தழுவித் தம் மொழியில் நூல் செய்தார். 1497-இல் வெனிஸ் நகரில் இலத்தீன் நூல் அச்சேறியது.

சகோதரர்களே! முன்னோரின் பெயரைச் சொல்லி மார்தட்டுவது எளிது. அவர்கள் சொன்னதைச் செய்வதே கடினம். பல்லைக் காப்பதில் சோம்பி, மிஸ்வாக் என்னும் ஸுன்னத்தையும் மறந்து, வலி வந்ததும் பிடுங்கி எறிய ஓடுகிறோம். கற்றறிந்த வைத்தியரிடம் காலத்தில் செல்வோம். இருக்கும் பல்லைக் காப்போம். இழந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக் கொண்டிராமல் தக்க சிகிச்சை பெறுவாராக. நாம் கற்ற தொழிலையும் நம்மோடு புதைத்து விடாமல் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். எல்லாம் வல்ல அல்லாஹ் அப்பெரியாரின் உழைப்பை ஏற்று, நமக்கும் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.