மழையின் கணக்கைத் தேடியவர்

1998 ஆம் ஆண்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் மழைக்காக ஏங்கினர். அணைகளில் நீர்மட்டம் தாழ்ந்தது. பல இடங்களில் நீர்ப்பங்கீடு நடைமுறைக்கு வந்தது. குழாயைத் திறந்தால் நீர் வரும் என்று பழகியிருந்தவர்கள் வாளிகளிலும் பீப்பாய்களிலும் நீரைச் சேமித்து வைத்தனர். அதற்கு முந்திய ஆண்டில்தான் புகைமூட்டம் நம் வானை மறைத்திருந்தது. இவ்விரண்டுக்கும் ஒரு முக்கியக் காரணம், பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக் பெருங்கடலில் ஏற்பட்ட மாற்றமாகும். எங்கோ இருக்கும் கடலுக்கும் இங்கே பெய்யாத மழைக்கும் தொடர்பு உண்டு என்பதை அறிய வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் சர் கில்பர்ட் வாக்கர்.

கில்பர்ட் வாக்கர் 1868 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் நாள் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் பிறந்தார். இளமையிலேயே கணிதத்தில் சிறந்து விளங்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1889 இல் கணிதத் தேர்வில் முதல் மாணவராகத் தேறினார். புத்தகத்தோடு அவர் ஆர்வம் நின்றுவிடவில்லை. எறிந்தவரிடமே திரும்பி வரும் பூமராங்கை எறிவதில் அவர் வல்லவர். அது ஏன் திரும்புகிறது என்பதைக் கணிதத்தால் விளக்கவும் முயன்றார். புல்லாங்குழலின் அமைப்பையும் ஆராய்ந்தார். எதைக் கண்டாலும் அதன் காரணத்தைத் தேடுவது அவரது இயல்பு.

அக்காலத்தில் இந்தியா பெரும் துயரைச் சந்தித்திருந்தது. 1876 ஆம் ஆண்டில் தென்னிந்தியாவில் மழை பொய்த்தது. அதனால் விளைந்த கொடும் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று இன்றும் நினைவுகூர்கின்றனர். இலட்சக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மாண்டனர். வறட்சியும் வறுமையும் விரட்ட, அந்நூற்றாண்டில் தமிழர் பலர் மலாயா, இலங்கை போன்ற நாடுகளுக்குக் கப்பலேறினர். மழை பொய்த்த கதை, நம் முன்னோர் பலரின் கதையும்கூட.

மீண்டும் 1899 இல் பருவமழை பொய்த்தது. அவ்வாண்டு மழை நன்றாகப் பெய்யும் என்று வானிலைத் துறை முன்கூட்டியே கூறியிருந்தது. ஆனால், வந்ததோ வறட்சியும் பஞ்சமும். பருவமழையை முன்னரே அறிய முடிந்தால் உணவைச் சேமிக்கலாம், உயிர்களையும் காக்கலாம். இக்கடினமான பொறுப்புடன், 1904 இல் வாக்கர் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநரானார். அவர் வானிலையியல் படித்தவர் அல்லர். எனினும், எண்களுக்குள் மறைந்திருக்கும் ஒழுங்கைக் கண்டறியும் திறன் அவரிடம் இருந்தது.

சிம்லாவில் இருந்த தம் அலுவலகத்தில் அவர் உலகெங்கிலுமிருந்து வானிலைப் பதிவுகளைத் திரட்டினார். சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடம் போன்ற இடங்களில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வானிலை பதிவு செய்யப்பட்டு வந்தது. ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகிய இடங்களின் காற்றழுத்தம், வெப்பநிலை, மழையளவு, நைல் நதியின் வெள்ளம் என அனைத்தும் அவர் மேசைக்கு வந்தன. இவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத எளிய பணியாளர்கள். நாள்தோறும் குறித்த நேரத்தில் மழைமானியையும் காற்றழுத்தமானியையும் பார்த்து, எண்ணைக் குறித்து வைத்தவர்கள். மழை பெய்யாத நாளிலும் அவர்கள் தவறாமல் சுழியம் என்று பதிந்தனர். அந்தச் சுழியங்கள்தாம் வறட்சியின் நீளத்தைக் காட்டின.

கணினி இல்லாத காலம் அது. ஓர் ஊரின் எண்கள் ஏறும்போது மற்றோர் ஊரின் எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று ஒப்பிட வேண்டும். வாக்கரின் வழிகாட்டுதலில் இந்தியக் கணக்கர்கள் ஆயிரக்கணக்கான கணக்குகளைக் கையாலேயே செய்தனர். ஆண்டுகள் பல கடந்தன. இறுதியில் ஓர் உண்மை புலப்பட்டது. பசிபிக் பெருங்கடல் பகுதியில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் அது தாழ்கிறது. அங்குத் தாழும்போது இங்கு உயர்கிறது. துலாக்கோலின் இரு தட்டுகளைப் போன்ற இவ்வசைவுக்கு அவர் ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார்.

இப்பணிகளுக்கிடையே, வாக்கர் 1913 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்திற்கு வந்தார். அங்குக் குறைந்த ஊதியத்தில் எழுத்தராகப் பணியாற்றிய இளைஞர் ஒருவரின் கணிதக் குறிப்புகள் அவரிடம் காட்டப்பட்டன. அவ்விளைஞர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய ஆற்றலை உணர்ந்த வாக்கர், அவர் கவலையின்றிக் கணித ஆய்வில் ஈடுபட உதவ வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குக் கடிதம் எழுதினார். அதன் பின்னர், பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. மறு ஆண்டு இராமானுஜன், வாக்கர் பயின்ற அதே டிரினிட்டி கல்லூரிக்குச் சென்றார்.

1924 இல் வாக்கர் இந்தியாவிலிருந்து ஓய்வு பெற்று, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானார். ஆனால், பருவமழையை உறுதியாக முன்னுரைக்கும் வழி அவருக்குக் கிட்டவில்லை. தொலைதூர இடங்களின் வானிலை ஏன் இவ்வாறு பிணைந்திருக்கிறது என்பதையும் அவரால் விளக்க இயலவில்லை. அறிஞர் பலர் அவர் முடிவுகளை ஐயத்துடன் நோக்கினர். 1958 நவம்பர் 4 ஆம் நாள், தமது 90 ஆம் வயதில் அவர் காலமானார். அவர் உழைப்பு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்றே அப்போது கருதப்பட்டது.

காலம் அந்தக் கருத்தை மாற்றியது. 1969 இல் ஜேக்கப் பியர்க்னஸ் என்னும் அறிஞர், தென் அலைவையும் எல் நினோ எனப்படும் கடல் வெப்ப மாற்றத்தையும் இணைத்து விளக்கினார். வழக்கமாகப் பசிபிக்கின் மேற்குப் பகுதியில் வெதுவெதுப்பான நீர் தேங்கி நிற்கும். அங்கு ஈரக்காற்று மேலெழுந்து, நம் வட்டாரத்திற்கு மழையைத் தரும். எல் நினோ காலத்தில் வெப்பநீர் கிழக்கு நோக்கி நகர்கிறது. மேகக் கூட்டமும் அதனுடன் நகர்கிறது. இங்கு மழை குறைகிறது. பசிபிக்கின் மேல் நிகழும் இக்காற்றோட்டத்திற்குப் பியர்க்னஸ் ‘வாக்கர் சுழற்சி’ என்று பெயர் சூட்டினார். இன்று உலகின் வானிலை நிலையங்கள் பல, வறட்சி வருமா என அறியத் தென் அலைவையும் கண்காணிக்கின்றன.

எல்லா வறட்சிக்கும் எல் நினோவே காரணம் என்று கூறிவிட முடியாது. 2014 இன் தொடக்கத்தில் எல் நினோ இல்லாதபோதும் சிலாங்கூரில் நீர்ப்பங்கீடு தேவைப்பட்டது. எனவேதான், ஒவ்வோர் ஊரின் பதிவும் தொடர்ந்து வேண்டப்படுகிறது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள ஒரு பள்ளியில் மழைமானி இருந்தால், அதை நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதலாம். வானம் வெறிச்சோடிக் கிடக்கும் வாரங்களில் அவ்வேலை சலிப்பூட்டும். தொடர்ந்து இருபது நாள் சுழியம் எழுத வேண்டியிருக்கலாம். ஆனால், ஒரு நாளை விட்டுவிட்டால், அன்று மழை பெய்யவில்லையா, பார்ப்பதற்கு ஆள் இல்லையா என்பது பின்னர் யாருக்கும் தெரியாது.

வாக்கர் தமக்கு முன் வாழ்ந்தோர் எழுதிவைத்த எண்களைக் கொண்டு ஆராய்ந்தார். அவர் கண்டதன் பொருளை அவருக்குப் பின் வந்தோர் உணர்ந்தனர். அறிவு இவ்வாறே பல கைகளால், பல தலைமுறைகளில் வளர்கிறது. நாம் இன்று நேர்மையாகக் குறித்து வைக்கும் சிறு எண்ணும் நாளை ஒருவரின் பெரிய கேள்விக்கு விடை தரக்கூடும்.